ஏரிக்கரையா, சாய்ப்பா, நடுக்காடா? அடிராண்டாக்கில் காசில்லாமல் ஓர் இரவு

நியூயார்க் மாநிலத்தின் வடக்கில் இருக்கிற அடிராண்டாக் மலைகளுக்குக் கூடாரம் எடுத்துக்கொண்டு போகிறவர்களில் பலர், அரசு முகாம் மைதானத்தில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். இரவுக்கு 20 டாலரை ஒட்டிக் கட்டணம். காருக்குப் பக்கத்திலேயே கூடாரம், கொஞ்ச தூரத்தில் குழாயும் கழிவறையும். சின்னக் குழந்தைகளோடு போனால் அதுதான் சரி. ஆனால் அதே மலையில் ஏறக்குறைய 26 லட்சம் ஏக்கர் அரசுக் காட்டில் ஒரு டாலர்கூடக் கொடுக்காமல், முன்பதிவு செய்யாமல் இரவு தங்கலாம். அந்தக் காடு என்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும் என்று 1894-ல் மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். விற்கவோ, குத்தகைக்கு விடவோ, மரத்தை வெட்டி விற்கவோ முடியாது. அப்படிப்பட்ட காட்டில் படுத்துறங்க உரிமை இருந்தும் பலருக்கு அது தெரியாமலே போவதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இலவசமாகத் தங்க மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, ஏரிக்கரைகளிலும் பாதையோரங்களிலும் அரசு அடையாளம் போட்ட இடங்கள். மரத்தில் வட்டமாக ஒரு மஞ்சள் தகடு அடித்து, இங்கே முகாமிடலாம் என்று எழுதியிருக்கும். இரண்டாவது, லீன்-டு. உருட்டுக் கட்டைகளை அடுக்கி மூன்று பக்கம் சுவர், மேலே சரிந்த கூரை, முன்பக்கம் முழுக்கத் திறப்பு. தமிழில் சாய்ப்பு என்றால் பொருத்தமாக இருக்கும். மூன்றாவது, தகடும் கூரையும் இல்லாத நடுக்காட்டில் நாமே இடம் பார்த்துக் கூடாரம் போடுவது. சாலை, நடைபாதை, ஓடை, ஊற்று, ஏரி எதிலிருந்தும் குறைந்தது 150 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பதுதான் இதற்கு முக்கியமான விதி. பெரியவர் நடையில் அறுபது எழுபது எட்டு வைத்தால் போதும். பொதுவாக, பத்துப் பேருக்குக் குறைவாகப் போய், ஒரே இடத்தில் 3 இரவுக்கு மேல் தங்காமல் இருந்தால் அனுமதிச் சீட்டு தேவையில்லை.

படத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏரிக்கரைதான் ஜெயிக்கும். நானும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் செப்டம்பர் கடைசியில் அங்கே மாலை ஏழுக்கு முன்பே சூரியன் மறைந்து, காலை ஏழை ஒட்டித்தான் உதிக்கிறது. முகாமில் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இருட்டிலும் தூக்கத்திலும்தான் போகிறது. அதனால் இப்போதெல்லாம் இந்த மூன்றையும் இரவை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

ஏரிக்கரை

லிட்டில் டப்பர் ஏரி, லைலா ஏரி, செயின்ட் ரீஜிஸ் கேனோ பகுதியின் குளங்கள் ஆகிய மூன்றும் மோட்டார் படகுச் சத்தம் இல்லாத நீர்ப்பரப்புகள். கேனோ என்னும் ஒடுக்கமான சிறு படகில் துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும். லைலாவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேனோவைத் தோளில் சுமந்துகொண்டுதான் கரைக்கே போக முடியும். அந்தச் சுமைக்குப் பயந்தே கூட்டம் குறைந்துவிடுகிறது. தகடு அடித்த இடத்தில் 150 அடி விதி கிடையாது என்பதால் தண்ணீரை ஒட்டியே கூடாரம் போடலாம். இரவில் லூன் பறவை கூவும். முதன்முறை கேட்பவருக்கு அது பறவையின் குரல் என்றே தோன்றாது. அந்த ஒரு குரலுக்காகவே ஏரிக்கரைக்குப் போகலாம்.

கூடாரம் நனைவதுதான் அங்கே பெரிய தொல்லை, அதுவும் மழையே இல்லாமல். மேகமில்லாத இரவில் தரையும் கூடாரத் துணியும் தங்கள் வெப்பத்தைத் திறந்த வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். துணி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். பக்கத்தில் ஏரி ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஈரமெல்லாம் துணியில் பனித்துளியாக இறங்கி, விடியும்போது மேல்துணி முழுக்கச் சொட்டும். அதே இரவில் நூறடி உள்ளே மரங்களுக்கு அடியில் போட்ட கூடாரம் கிட்டத்தட்டக் காய்ந்தே இருக்கும். மேலே இருக்கிற கிளைகளும் இலைகளும் போர்வை மாதிரி வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன.

ஏரிக்கரையில் குளிர் அதிகமா என்று கேட்டால், அது ஏரியைப் பொறுத்தது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மலைகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரி இருக்கிற சின்னக் குளத்தின் கரைதான் அந்த வட்டாரத்திலேயே மிகக் குளிரான இடமாக இருக்கும். பெரிய ஏரி கோடையின் சூட்டை செப்டம்பர் வரைக்கும் வைத்திருப்பதால் அதன் கரை அவ்வளவு மோசமில்லை. கரையில் தாழ்ந்த புல்வெளியை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து அடி ஏறி நிற்கும் மேட்டில் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் சத்தம். இரவில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சூடாகவும் இருக்கும்போது, ஒலி மேலே போகாமல் கீழ்நோக்கி வளைகிறது. எதிர்க்கரையில் பேசுவது பக்கத்துக் கூடாரத்தில் பேசுவது போலக் கேட்கும். நாம் பேசுவதும் அவர்களுக்கு அப்படித்தான் கேட்கும். இதை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது.

லிட்டில் டப்பர் நீளமான ஏரி. பிற்பகலில் காற்று எழும்பினால் கேனோவுக்கு ஆபத்தான அலைகள் வந்துவிடும். அதனால் காலையிலேயே துடுப்புப் போட்டு இடத்தைப் பிடித்துவிட வேண்டும். கிளம்பும் நாளிலும் அதேதான். தகடு இடங்களின் தரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல வருடங்களாக ஆட்கள் மிதித்து மிதித்து மண் இறுகிப் போயிருக்கும், நடுவில் கொஞ்சம் குழிந்தும் இருக்கும். தட்டையாக, வசதியாகத் தெரிகிற அந்த இடத்தில்தான் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். ஒருமுறை நடு இரவில் முதுகுக்குக் கீழே பாய் மிதப்பதை உணர்ந்துதான் விழித்தேன். அன்றிலிருந்து ஓரமாக, லேசான சரிவு இருக்கும் பக்கமாகவே போடுகிறேன்.

சாய்ப்பு

மழைக்கு லீன்-டுவை மிஞ்ச எதுவும் கிடையாது. நனைந்த துணியைக் காயப்போடலாம், உட்கார்ந்து சமைக்கலாம், காலையில் ஈரக் கூடாரத்தைச் சுருட்ட வேண்டிய வேலை இல்லை. நார்த்வில்லிலிருந்து லேக் பிளாசிட் வரை போகும் நெடும்பாதை 1920-களில் போடப்பட்டது. 130 மைலுக்கு மேல் நீளம். வழியெல்லாம் லீன்-டுக்கள் இருக்கின்றன. லாங் லேக் ஏரியின் கரையில் அடுத்தடுத்துப் பல. ஏரியின் காட்சியும் வேண்டும், தலைக்கு மேல் கூரையும் வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

ஆனால் அது நம்முடையது அல்ல. முதலில் வந்தவர் இடம் பிடிக்கலாம், ஆனால் இடம் இருக்கும்வரை பின்னால் வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. உள்ளே கூடாரம் விரிக்கவும் கூடாது. கொட்டும் மழையில் இரவு பத்து மணிக்கு நான்கு பேர் தலைவிளக்கோடு வந்து நின்றால் நகர்ந்து இடம் கொடுக்கத்தான் வேண்டும். எனக்கு அப்படி ஒரு முறை நேர்ந்தது. அன்று எரிச்சலாக இருந்தது; அடுத்த வருடம் அதேபோல் நனைந்துகொண்டு போய் நின்றது நான்தான். தனிமை தேடிப் போகிறவர்கள் சனிக்கிழமையில் லீன்-டுவை நம்ப வேண்டாம். எலிகள் உண்டு, நிச்சயமாக உண்டு. முன்பக்கம் திறந்திருப்பதால் கூடார அளவுக்குக் கதகதப்பும் கிடையாது. ஜூன் மாதத்தில் கொசுவலை இல்லாமல் அதில் படுத்தால் விடிய விடியக் கடிதான்.

நடுக்காடு

மூன்றில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். காரணம் தூக்கம். பனி இறங்காது, எதிர்க்கரைப் பேச்சு இல்லை, காற்றின் வேகத்தை மரங்கள் வாங்கிக்கொள்ளும், நள்ளிரவில் யாரும் வர மாட்டார்கள். விடுமுறை வாரக் கடைசியில் ஏரிக்கரைத் தகடுகளெல்லாம் நிரம்பியிருக்கும்போதும் இங்கே இடம் இருக்கும்.

ஆனால் இடம் கண்டுபிடிப்பது வேலை. 'எங்கு வேண்டுமானாலும்' என்று சொல்வது சுலபம். அடிராண்டாக் காட்டின் தாழ்வான பகுதிகளில் ஸ்ப்ரூஸ் மரங்கள் நெருக்கமாக நிற்கும், கீழே பாசி, வேர், பழைய மரங்கள் சாய்ந்து கிடக்கும் குவியல். ஆறடி சமதரை கிடைக்காது. வரைபடத்தில் உயரக்கோடுகள் விலகியிருந்தால் அங்கே சரிவு குறைவு; அப்படிப்பட்ட மேட்டுத்திட்டுகளைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மேப்பிள் மரங்கள் இருக்கும் திட்டு நல்லது. ஹெம்லாக் கூட்டம் இன்னும் நல்லது. அதன் அடர்ந்த நிழலில் செடிகொடி அதிகம் வளராது, தரையில் ஊசியிலை மெத்தை இருக்கும். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தேட ஆரம்பித்துவிடுங்கள்.

இடம் கிடைத்ததும் தரையை விட்டுவிட்டு அண்ணாந்து பாருங்கள். அங்குள்ள பீச் மரங்களைப் பட்டைநோய் பிடித்துப் பல வருடங்களாகக் கொன்றுகொண்டிருக்கிறது. நின்றபடியே செத்த மரமும், மேலே ஒடிந்து தொங்கும் கிளையும்தான் இந்தக் காட்டில் கரடியைவிடப் பெரிய ஆபத்து. 1995 ஜூலை 15 விடியற்காலையில் அடித்த சூறைக்காற்று ஃபைவ் பாண்ட்ஸ் வனப்பகுதியில் மலைமலையாக மரங்களைச் சாய்த்தது. கூடாரங்கள் மீதும் மரம் விழுந்து உயிர்கள் போயின. செத்த மரம் ஒன்றின் உயரத்துக்குள் எந்தப் பக்கமும் நான் படுக்க மாட்டேன். நல்ல இடமாக இருந்தாலும் எழுந்து நடந்துவிடுவேன்.

தண்ணீர் 150 அடிக்கு அப்பால் என்பதால் நான்கு லிட்டர் பிடிக்கும் மடக்குப் பை ஒன்று வேண்டும். வடிகட்டி அல்லது ஒரு நிமிடக் கொதி, எந்த ஏரி ஓடைத் தண்ணீருக்கும் கட்டாயம். இங்கே நெருப்பு மூட்டுவதில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு உண்டு. தகடு இடத்தில் ஏற்கெனவே அடுப்பு வளையம் இருக்கிறது, மண்ணும் ஏற்கெனவே கெட்டுவிட்டது. யாரும் படுக்காத இடத்தில் ஒரு கரும்புள்ளியை விட்டுவிட்டு வர மனம் வராது. ஓர் இரவு தங்கி, விலக்கிய சருகைத் திரும்பப் பரப்பிவிட்டு வந்தால் யார் வந்ததும் தெரியாது. முதல் இரவு பயமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்துக்கு மரம் ஒரே மாதிரி இருக்கும். இரவில் சிறுநீர் கழிக்கப் போகும்போது கூடாரத்துக்குள் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டுப் போங்கள். இருபது எட்டு வைப்பதற்குள் திசை தப்பியவர்கள் உண்டு.

ஹை பீக்ஸ் என்னும் உயரச் சிகரங்களின் பகுதியில் இந்தச் சுதந்திரம் குறைவு. 3,500 அடிக்கு மேல் அடையாளமிட்ட இடத்தில் மட்டுமே தங்கலாம், 4,000 அடிக்கு மேல் கூடாது. அதன் கிழக்குப் பகுதியில் நெருப்பே தடை. முதல் அனுபவத்துக்கு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

பூச்சியும் கரடியும்

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை பிளாக் ஃப்ளை என்கிற கரிய சிற்றீயின் காலம். அது ஓடும் தண்ணீரில் பெருகும், பகலில் மட்டும் கடிக்கும். இருட்டியதும் அது போய்க் கொசு வரும். இந்த இரண்டு மாதத்தில் மட்டும் என் வரிசை அப்படியே தலைகீழாகிவிடும். நடுக்காட்டில் காற்று அசையாது, பூச்சிக்குக் கொண்டாட்டம். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் காற்று வீசிக்கொண்டே இருப்பதால் பூச்சி நிற்க முடியாது. அப்போது கூடாரம் பனியில் நனைந்தாலும் பரவாயில்லை, ஏரிக்கரைதான்.

கரடி விஷயத்தில் மூன்று வழிகளிலும் முதலில் பார்க்க வேண்டியது, நாம் சாப்பாட்டை எப்படி வைக்கிறோம் என்பதுதான். இங்கே இருப்பது கருங்கரடி மட்டும். ஹை பீக்ஸின் கிழக்கில் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை கரடி திறக்க முடியாத கெட்டி டப்பா சட்டப்படி கட்டாயம். மற்ற இடங்களிலும் அதையே கொண்டு போங்கள், நூறடி தள்ளித் தரையிலேயே வைக்கலாம். அடிக்கடி ஆள் தங்கும் தகடு இடங்களுக்கும் லீன்-டுக்களுக்கும் சாப்பாட்டு வாசனை தேடி வரக் கரடி பழகியிருக்கும். யாரும் தங்காத நடுக்காட்டில் அந்தப் பழக்கம் இல்லை. நடுக்காட்டுக்கு இன்னொரு மதிப்பெண் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் தடவை போகிறவர் என்னிடம் கேட்டால், செப்டம்பர் முதல் திங்களன்று வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினம் கழிந்த பிறகு, அதே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பச் சொல்வேன். பூச்சி கிட்டத்தட்ட ஓய்ந்திருக்கும், இரவு உறையும் அளவை நெருங்கும் என்பதால் நல்ல தூக்கப்பை வேண்டும். முதல் இரவு பாதையோர லீன்-டுவில், சாமான் எது எங்கே இருக்கிறது என்று பழகிக்கொள்ள. இரண்டாம் இரவு ஏரிக்கரைத் தகடு இடத்தில், லூன் கேட்க. மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கே பாதையை விட்டு இறங்கி, எழுபது எட்டு வைத்து, ஒரு ஹெம்லாக் கூட்டத்தைத் தேடச் சொல்வேன்.