அப்பாவின் ஐரோப்பிய வரலாறும் ஒரு பைண்டிங் கடையும்

யாழ்ப்பாணத்தில் இன்னும் நூலால் தைத்து பைண்டிங் போடுபவர் யாரும் இருக்கிறார்களா என்று தேடுபவர்களுக்கு: இருக்கிறார். பஸ் ஸ்ராண்டில் இருந்து நடந்து போகும் தூரம். கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். ஒரு பிழை நடந்தது, மனுசன் நல்லவர்.

நான் கொடுத்தது அப்பாவின் உயர்தர வகுப்பு வரலாற்றுக் குறிப்புகள். 212 ரோனியோ தாள்கள். 1995 இடப்பெயர்வில் சாக்குப் பையில் சாவகச்சேரி வரை போய்த் திரும்பியவை. போட்டோகொப்பிக் கடையில் சுருள் கம்பி போட்டால் பத்து நிமிடத்தில் முடியும், ஆனால் பழைய தாள் துளையோடு கிழிந்து வந்துவிடும். இவர் எட்டெட்டுத் தாளாக எடுத்துத் தைத்து, முதுகில் துணி ஒட்டி, கருஞ்சிவப்பு றெக்சின் மட்டை போட்டார். பசை அவரே காய்ச்சுவது, பூச்சி வராமல் துத்தம் கலந்தது. ஒன்பது நாள், 1,800 ரூபா. வேலை உறுதி.

குறை உள்ளேதான். ஒரு கட்டு இடம் மாறிவிட்டது. இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றிக்குக் காசு சேர்த்துக் கொடுத்த எம்ப்சனுக்கும் டட்லிக்கும் முதலில் தலை போகிறது. எட்டுத் தாள் தள்ளித்தான் அரசர் சாகிறார்.

உண்மையில் அரசர் இறந்தது 1509 ஏப்ரல் 21. இரண்டு நாள் செய்தியை மறைத்தார்கள். 24ஆம் திகதி இருவரும் உள்ளே. புது அரசர் எட்டாம் ஹென்றிக்கு 18 வயது நிறையவில்லை. பிரபு, வியாபாரி என்று பார்க்காமல் பிணைமுறி (காசு கட்டுவதாக எழுத்தில் தரும் உறுதி) எழுதி வாங்கித் தண்டம் அறவிட்டவர்கள் என்று ஊரே அவர்களைத் திட்டியது. ஆனால் அந்தக் காசு போனது அரசரின் பெட்டிக்கு. அதைக் குற்றமென்று எழுதினால் தகப்பனின் பெயரும் சேர்ந்து வரும். ஆகவே அரசர் சாகக் கிடந்தபோது ஆயுதத்தோடு ஆட்களை லண்டனுக்கு அழைத்தார்கள் என்று ராஜத்துரோக வழக்கு. 1510 ஆகஸ்ட் 17 டவர் ஹில்லில் வெட்டினார்கள். முதலில் ஆளைப் பிடித்து, பிறகு குற்றம் தேடியிருக்கிறார்கள். பைண்டர் அடுக்கிய ஒழுங்கு அவ்வளவு பிழையில்லை!

நான் கூட்டுறவுச் சங்கமொன்றில் காசாளராக இருந்தவன். புதுத் தலைவர் வந்த அன்றே பெட்டித் திறப்பைக் கேட்பார். அதனால் டட்லி சிறையில் செய்த வேலை எனக்குப் புரிகிறது: அநியாயமாக அறவிடப்பட்டவை என்று 80க்கும் மேற்பட்ட விடயங்களைப் பட்டியலாக எழுதிக் கொடுத்தார், செத்த அரசரின் ஆத்மாவுக்காக ஈடு செய்யச் சொல்லி. அப்பா அந்த வரிக்கு நீல மையில் கோடு போட்டு, இடது ஓரத்தில் ஏதோ எழுதியிருக்கிறார். தையல் அதை விழுங்கிவிட்டது. எவ்வளவு விரித்தாலும் கடைசி இரண்டு எழுத்துத்தான் தெரிகிறது. கட்டு மாறியதை விட இதுதான் மனவருத்தம்.

கடைக்காரரிடம் காட்டினேன். “ஐயா, பக்க நம்பர் இல்லையே?” என்றார். இருந்தது, பூச்சி தின்ற மூலையில். காசில்லாமல் பிரித்துத் தைத்துத் தருவதாகச் சொன்னார். அந்தத் தாள் இரண்டாவது ஊசியைத் தாங்காது, வேண்டாம் என்றுவிட்டேன். “அடுத்த கட்டைப் பார்க்க” என்று துண்டுத்தாளில் எழுதி ஒட்டித் தந்தார்.

பிரெஞ்சுப் புரட்சிக் குறிப்புகள் இன்னும் அலுமாரியில் கிடக்கின்றன. பென்சிலால் பக்க எண் போட்டு, அப்பாவின் ஓர எழுத்துகளை ஒரு கொப்பியில் பார்த்தெழுதிவிட்டு, தையில் இவரிடமே கொண்டுபோவேன்.