டீடி: மூன்று பெயர் கொண்ட தம்பி

2024ஆம் ஆண்டு வெளிவந்த ‘டீடி’ என்ற அமெரிக்கப் படத்தைச் சென்ற பொங்கல் விடுமுறையில் தேவகோட்டையில் எங்கள் வீட்டு வளவில் அமர்ந்து, அம்மாவும் அப்பத்தாவும் உடனிருக்கப் பார்த்தேன். தலைப்பை இந்தியில் அக்காவைக் குறிக்கும் சொல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; மாண்டரின் மொழியில் இது தம்பியைக் குறிக்கும். நம் வீடுகளில் இளைய மகனை அக்கா மட்டுமல்லாமல் தாயும் பாட்டியும்கூடத் ‘தம்பி’ என்றே அழைப்பதைப் போல, 13 வயதுக் கிறிஸ் வாங் வீட்டுக்குள் எல்லோருக்கும் ‘டீடி’. பழைய நண்பர்களுக்கு அவன் ‘வாங் வாங்’; புதிதாகச் சேர்ந்த ஸ்கேட்போர்டு பையன்களிடம் வெறும் ‘கிறிஸ்’. ஒருவனுக்கு மூன்று பெயர்கள் இருப்பதும், எந்தப் பெயரில் யாராக இருப்பது என்று அவனுக்கே தெரியாமல் போவதும்தான் கதை.

களம் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரம், காலம் 2008இன் கோடை. இயக்குநர் ஷான் வாங் அங்கே வளர்ந்தவர். தைவானிலிருந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளை. தன் பதின்வயதையே அவர் கதையாக்கியிருக்கிறார். அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது பெற்ற இப்படத்தின் நீளம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல்.

அக்காலத்தின் இணைய வாழ்க்கையை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை. கணினித் திரையே பல இடங்களில் முழுப் படமாகிறது. தனக்குப் பிடித்த பெண்ணுக்குக் கிறிஸ் ஒரு வரியைத் தட்டுகிறான், அழிக்கிறான், வேறொன்றைத் தட்டுகிறான், அதையும் அழிக்கிறான். அவன் முகத்தைக் காட்டாமலேயே திரையில் கர்சர் ஒளிர்ந்து ஒளிர்ந்து மறைவதில் அவனுடைய கூச்சம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. அந்நாளைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸில் நெருங்கிய நண்பனின் பக்கத்தில், முதன்மை நண்பர்கள் வரிசையிலிருந்து தன் பெயர் காணாமற்போனதை அவன் பார்க்கும் இடத்தில், காரைக்குடி பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி ஆர்குட் பார்த்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பேச ஆளில்லாமல், தானாகப் பதில் சொல்லும் நிரல் ஒன்றிடம் அவன் மனத்தைத் திறப்பது இன்னும் வேதனை.

அவனுக்குப் பிடித்த அதே பெண், ‘ஆசியனுக்கு நீ அழகுதான்’ என்னும் பொருளில் ஒரு வார்த்தையை இயல்பாகச் சொல்லிவிடுகிறாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா அவமானமாக எடுத்துக்கொள்வதா என்று விளங்காத அவன், பின்னொரு நாள் ஸ்கேட்போர்டு பையன்களிடம் தான் பாதி ஆசியன் மட்டுமே என்று பொய் சொல்கிறான். இவ்விரு காட்சிகளுக்கும் இடையிலுள்ள தொடர்பை இயக்குநர் எங்கும் விளக்காமல் விட்டிருப்பது படத்தின் பெரிய நயம்.

ஆயினும் செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது மகனின் படமாக மட்டும் தெரியாது. கிறிஸின் தந்தை தைவானில் வேலை பார்க்கிறார். வீட்டில் இருப்பவர்கள் தாய், கல்லூரிக்குப் புறப்படத் தயாராகும் மகள், மகன், மாமியார். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஆண்கள் மூன்று வருடக் கணக்கில் பர்மாவிலும் மலாயாவிலும் இருக்க, பர்மா தேக்குத் தூண்களுக்கு நடுவே மாமியாரும் மருமகளுமாகப் பெண்கள் காலம் தள்ளிய ஊரில் இந்த ஏற்பாட்டுக்கு விளக்கம் தேவையில்லை. படத்தில் கடல் கடந்தது குடும்பம், ஆண் நின்றது பிறந்த மண்ணில் என்ற அளவில்தான் வேறுபாடு. மருமகளின் பிள்ளை வளர்ப்பை மாமியார் குறை சொல்லும் காட்சியில், ஆங்கிலமும் மாண்டரினும் அறியாத அப்பத்தா, நான் மொழிபெயர்க்கும் முன்பே, “இவுக மாமியாதானே?” என்று கேட்டார்கள்.

அந்த மாமியாராக நடித்திருக்கும் சாங் லி ஹுவா, இயக்குநரின் சொந்தப் பாட்டி. சீனத்தில் தந்தையைப் பெற்றவள் ‘நாய் நாய்’, தாயைப் பெற்றவள் ‘வாய் போ’. செட்டிநாட்டில் நமக்கு அப்பாவைப் பெற்ற அப்பத்தாவும் அம்மாவைப் பெற்ற ஆயாவும் வேறு வேறாக இருப்பது போலத்தான். வாழ்க்கையில் இவர் ஷான் வாங்கின் ஆயா. படத்தில் பேரனுக்கு அப்பத்தா. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால், இந்த இடமாற்றத்தின் சுவை நம்மைப் போன்றவர்களுக்குக் கூடுதலாகவே கிட்டும்.

தாயாக வரும் ஜோன் சென்தான் படத்தைத் தாங்குகிறார். ஓவியராக விரும்பி, கிடைத்த நேரத்தில் வீட்டிலேயே வரையும் பெண். மாமியார் கடிந்துகொள்ளும்போது மறுத்துப் பேசாமல் ஒரு கணம் பார்வையைத் தாழ்த்திவிட்டு வேலையைத் தொடர்வதைப் பார்க்க வேண்டும். அவ்வளவையும் பார்வையால் சொல்லத் தெரிந்த நடிகைக்கு, இறுதியில் மகனிடம் தன் கனவுகளைப் பற்றி விரிவாகப் பேசும் வசனத்தை எதற்குக் கொடுத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அதில் பாதி போதும்.

குறைகள் வேறும் உண்டு. ஸ்கேட்போர்டு பையன்களோடு கழியும் நடுப்பகுதி இழுக்கிறது. தந்தை ஏன் வரவில்லை, அவருக்கும் மனைவிக்கும் இடையே என்ன நடந்தது என்பதைப் படம் தொடவே இல்லை. படம் முடிந்ததும், “அந்தப் புள்ளையோட அப்பச்சி கடைசி வரைக்கும் வரலையே” என்று அப்பத்தா சொன்னார்கள். நான் எழுதக்கூடிய விமர்சனத்தைவிட அது கூர்மையானது.

பையன்களின் பேச்சில் கெட்ட வார்த்தைகள் ஏராளம். அக்காவின் லோஷன் குப்பியில் தம்பி செய்து வைக்கும் வேலை ஒன்றும் உண்டு. சின்னப் பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டுப் பாருங்கள். துணைத்தலைப்பு அவசியம். ஆனால் எழுத்தை மட்டும் படிக்காமல் காதையும் கொடுங்கள்: தாய் மாண்டரினில் கேட்க மகன் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிக்கொண்டு போகிறான், அவளும் சளைக்காமல் மாண்டரினிலேயே அடுத்ததைக் கேட்கிறாள்.