எல்லா வங்கிக் கணக்கும் ஒரே ஆப்பில்: சந்தா கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

வங்கிக் கணக்குகள் அத்தனையையும் ஒரே திரையில் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஓர் ஆப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். கணக்கு தப்பாக வந்தது. கடன் தருகிறோம் என்று போன் மேல் போன் வந்தது. சரி, விட்டுவிடலாம் என்றால் என் கணக்கு விவரத்தை என்னிடமே கொடுக்க மறுத்தார்கள். புகார் இன்னும் முடியாததால் ஆப்பின் பெயரைப் போடவில்லை. இதே முறையில் ஓடுகிற ஆப்கள் நிறைய இருக்கின்றன. எனவே பெயரைவிட, எங்கே இடிக்கிறது என்பதைச் சொல்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

இத்தனை கணக்கு எதற்கு என்று கேட்கலாம். வேலை மாறும்போதெல்லாம் புதிய கம்பெனி ஒரு சம்பளக் கணக்கு தொடங்க வைத்தது. வீட்டுக் கடன் வாங்கிய இடத்தில் ஒரு சேமிப்புக் கணக்கு. அப்பாவின் கணக்கு கரூர் லட்சுமி விலாஸ் வங்கியில் இருந்தது. 2020 நவம்பரில் அந்த வங்கியை டிபிஎஸ் வங்கியோடு இணைத்த பிறகு அங்கே போய்விட்டது. மனைவிக்கு ஒன்று, அஞ்சலகத்தில் ஒன்று, கிரெடிட் கார்டு தனி. மாதக் கடைசியில் மொத்தமாகக் கையில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டால் வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஆப்.

இந்த ஆப்கள் உங்கள் கணக்கை எப்படிப் பார்க்கின்றன என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் வழி, போனுக்கு வரும் எஸ்எம்எஸ்களைப் படிப்பது. ஆண்ட்ராய்டில் மட்டும்தான் இது நடக்கும், ஐபோனில் வேறு ஆப்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க முடியாது. வங்கி எஸ்எம்எஸ் அனுப்பாவிட்டால் அந்தச் செலவு நடக்கவே இல்லை என்றுதான் ஆப் நினைத்துக்கொள்ளும். 2024 ஜூனில் எச்டிஎஃப்சி வங்கி, 100 ரூபாய் வரையிலான யுபிஐ செலவுக்கும் 500 ரூபாய் வரையிலான யுபிஐ வரவுக்கும் எஸ்எம்எஸ் அனுப்புவதை நிறுத்தியது. டீ, கீரைக்கட்டு, ஷேர் ஆட்டோ எல்லாம் அந்த நூறு ரூபாய்க்குள் அடங்குபவை. ஆப்பின் கணக்குப்படி நான் மாதம் முழுக்க ஒரு டீகூடக் குடிக்காத மனிதன்.

விட்டுப்போன சில்லறையையாவது பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு முறை எண்ணுவதை என்ன செய்வது? சம்பளக் கணக்கிலிருந்து, வீட்டுக் கடன் வாங்கிய வங்கியில் இருக்கும் என் சேமிப்புக் கணக்குக்கு 35,000 ரூபாய் மாற்றுகிறேன். பணம் என்னுடையது, ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆப் அதை இந்தப் பக்கம் ‘மற்றவை’ என்று 35,000 செலவாகவும், அந்தப் பக்கம் ‘இதர வருமானம்’ என்று 35,000 வரவாகவும் எழுதுகிறது. கிரெடிட் கார்டில் ஃபிரிட்ஜ் வாங்கினால் வாங்கிய அன்று ஒரு செலவு, பில் கட்டிய அன்று அதே தொகை மறுபடியும் செலவு. பண்டிகை மாதத்தில் ஆப் காட்டிய வருமானத்தைப் பார்த்தால் என் மேனேஜரே பொறாமைப்பட்டிருப்பார். பல வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கென்றே விற்கும் ஆப்பில், சொந்தக் கணக்குகளுக்கு இடையிலான மாற்றத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதை எந்த ரகத்தில் சேர்ப்பது? கேட்டதற்கு, ஒவ்வொரு வரியையும் அழுத்தி ‘சொந்த மாற்றம்’ என்று நானே குறிக்க வேண்டும் என்றார்கள். குறித்தேன். அடுத்த மாதம் அதே மாற்றம் மறுபடியும் ‘மற்றவை’யில் போய் உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது வழி அக்கவுண்ட் அக்ரிகேட்டர். இதை நான் குறை சொல்ல மாட்டேன், உண்மையிலேயே நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. ரிசர்வ் வங்கி 2016-ல் விதிகளை வெளியிட்டது, 2021 செப்டம்பரில் சில பெரிய வங்கிகளோடு புழக்கத்துக்கு வந்தது. உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் உங்கள் ஒப்புதலை வாங்கிக்கொண்டு, வங்கியிடமிருந்து விவரத்தைப் பூட்டிய நிலையில் எடுத்துப்போய்க் கேட்டவரிடம் சேர்க்கும். தபால்காரர் கவரைப் பிரிக்காமல் கொண்டுபோவது போல, நடுவில் இருப்பவரால் அதைப் படிக்க முடியாது. பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபி மட்டும்தான்.

பார்க்க வேண்டியது ஒப்புதல் திரை. மனைவியின் கணக்கைச் சேர்க்க அவள் போனில்தான் செய்தாக வேண்டும், ஏனென்றால் மொபைல் எண்ணை வைத்துத்தான் கணக்கைத் தேடுகிறது. அவள் நிறுத்தி நிதானமாகப் படிக்கிறவள். “ஏங்க, நாம பட்ஜெட் ஆப்தானே போடுறோம்? இதுல ஏதோ ஃபைனான்ஸ் கம்பெனி பேரு இருக்கே?” என்றாள். இருந்தது. விவரம் கேட்பவர் என்ற இடத்தில் ஆப்பின் பெயர் இல்லை, கேள்விப்படாத ஒரு கடன் நிறுவனத்தின் பெயர். ரிசர்வ் வங்கி, செபி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டுக்குள் வரும் நிறுவனங்கள் மட்டும்தான் இந்த வழியில் விவரம் கேட்கலாம். சாதாரண ஆப் கம்பெனிக்கு அந்த உரிமை கிடையாது, அதனால் ஒரு கடன் நிறுவனத்தின் தோளில் ஏறி உள்ளே வந்திருக்கிறார்கள். நோக்கம் என்ற இடத்திலும் பாருங்கள். செலவு, பட்ஜெட் கணக்குக்கு என்று தனியாக ஒரு நோக்கம் இருக்கிறது, அதன் எண் 102. எங்களிடம் கேட்டது 104, அதாவது கணக்கைத் தொடர்ந்து கண்காணிப்பதற்கான ஒப்புதல். எவ்வளவு காலத்துக்கு, எத்தனை முறை எடுப்பார்கள், எடுத்ததை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதெல்லாம் அதே திரையில் சின்ன எழுத்தில் இருக்கும். அவள் ஒப்புதல் கொடுக்கவில்லை.

என் கணக்கு ஏற்கெனவே போயிருந்தது. அதன்பின் வந்த அழைப்புகளில் ஒன்றை அப்படியே சொல்கிறேன்: “சார், மாசம் ஒண்ணாம் தேதி உங்களுக்கு சேலரி வந்துடுது, அஞ்சாம் தேதி இஎம்ஐ போயிடுது. நடுவுல இன்னொரு சின்ன இஎம்ஐ தாராளமா தாங்கும் சார்.” ஒன்றாம் தேதியும் ஐந்தாம் தேதியும் சரி. எங்கிருந்து தெரிந்தது என்று கேட்டால், “சிஸ்டம்ல வருது சார்.” அந்த ஒப்புதலிலிருந்துதான் இது போனது என்று நிரூபிக்க என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. ஆனால் சம்பளத் தேதியை ஊகித்துச் சொல்லலாம், இஎம்ஐ தேதியையும் சேர்த்து ஊகிக்க முடியுமா?

மூன்றாவது வழிதான் மோசம். அப்பாவின் கணக்கு பழைய மொபைல் எண்ணில் இருந்ததால் இரண்டாவது வழியில் கிடைக்கவில்லை. உடனே ஆப், ‘நேரடி இணைப்பு’ என்று ஒரு பெட்டியைத் திறந்து நெட் பேங்கிங் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்டது. எந்தக் கணக்கையும் அங்கே கொடுக்காதீர்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தன் ரகசிய விவரங்களைப் பிறரிடம் கொடுத்ததால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான நஷ்டம் முழுவதும் அவருடையதே. பூட்டு எவ்வளவு பலமானது என்று அந்த ஆப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கலாம், பணம் போனால் வங்கி உங்களிடம் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: பாஸ்வேர்டை யாரிடமாவது கொடுத்தீர்களா?

வெளியேறும்போது நடந்த கூத்து தனி. ஆண்டு முழுவதும் நான் உட்கார்ந்து வகை பிரித்த கணக்கை எக்செல்லில் திறக்கிற மாதிரி சிஎஸ்வியாகக் கேட்டேன். அது மேல் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமாம், இன்னும் பணம் கட்ட வேண்டுமாம். எனக்குக் கிடைத்தது வண்ண வண்ண வட்டப்படங்கள் போட்ட ஒரு பிடிஎஃப். இவ்வளவுக்கும், இந்தத் தொழிலில் பெரிய தலைகளே கடையைக் கட்டியிருக்கின்றன. வீட்டுக் கணக்கு எழுதும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் மணியின் விற்பனை 2009-ல் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பணம் கொடுத்து இன்ட்யூட் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கிய மின்ட் என்ற பட்ஜெட் ஆப் 2024 மார்ச்சில் மூடப்பட்டது. நாளைக்கு மூடினாலும் உங்கள் கணக்கு உங்கள் கையில் இருக்குமா என்பதை, சந்தா கட்டும் முன், இலவசக் காலத்திலேயே சிஎஸ்வி எடுத்துப் பார்த்துச் சோதித்துவிடுங்கள். எடுக்க விடாத ஆப்பை அப்போதே தூக்கி எறியலாம்.

இன்னொன்று, போனிலிருந்து ஆப்பை நீக்கினால் எல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அக்ரிகேட்டரிடம் கொடுத்த ஒப்புதல் அப்படியே உயிரோடு இருக்கும். அந்த அக்ரிகேட்டரின் ஆப்பிலோ தளத்திலோ உங்கள் மொபைல் எண்ணைப் போட்டு நுழைந்து, ஒப்புதலை ரத்து செய்ய வேண்டும். சந்தாவுக்கு யுபிஐ ஆட்டோபே (தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதி) கொடுத்திருந்தால் அதையும் யுபிஐ ஆப்பில் போய்த் தனியாக நிறுத்த வேண்டும். எனக்கு ஆப்பை நீக்கிய பிறகும், நாளை பணம் எடுக்கப்படும் என்று முன்னறிவிப்பு வந்தது. அந்த முன்னறிவிப்பைப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் அனுப்பியாக வேண்டும் என்பது விதி, அது இருந்ததால் அடுத்த ஆண்டுப் பணம் தப்பித்தது.

அப்புறம் எதைத்தான் பயன்படுத்துவது என்பவர்களுக்கு: நான் இப்போது வங்கித் தளங்களிலிருந்து மாதம் ஒரு முறை ஸ்டேட்மென்ட்டை இறக்கி, குனுகேஷ் (GnuCash) என்ற இலவச மென்பொருளில் ஏற்றுகிறேன். பார்க்க அழகாக இருக்காது, முதல் வாரம் தலை சுற்றும். ஆனால் அது இரட்டைப் பதிவு முறையில் இயங்குகிறது. ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து எங்கே போனது என்று இரண்டு பக்கமும் எழுதியே ஆக வேண்டும் என்பதால், சொந்தக் கணக்குகளுக்குள் மாற்றிய பணம் செலவாகவோ வருமானமாகவோ வேடம் போட முடியாது. கோப்பு என் கணினியிலேயே இருக்கிறது. யாருக்கும் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியதில்லை. அஞ்சலகக் கணக்கைப் பாஸ்புக் பார்த்துக் கையால்தான் எழுதுகிறேன். எந்த ஆப்பின் பட்டியலிலும் அது எனக்குக் கிடைத்ததில்லை.

ஆப் கம்பெனி மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்தேன். அதன்பின்தான் மனிதர் ஒருவர் பேசினார், சந்தாவில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். மீதிக்கு, “சேவையைப் பயன்படுத்தியுள்ளீர்கள்” என்று பதில். கடன் நிறுவனத்துக்கு, என்னிடம் எடுத்த விவரங்களை அழிக்கச் சொல்லி மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் குறைதீர்ப்பாளருக்குப் போட வேண்டும், அதற்கான ஸ்க்ரீன்ஷாட்களை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.