வெளியூர் ஸ்ட்ரைக்கரா, தேவனாம்பட்டினம் பையனா?

கடலூரில் சின்னதாக கால்பந்து கிளப் நடத்துகிறவருக்கு வருஷா வருஷம் இதே கேள்விதான். சீசனுக்கு மட்டும் வெளியூர் ஸ்ட்ரைக்கரை இறக்கினால் கோல் உடனே வரும். கூடவே அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசும் வரும். சீசன் முடிந்து ஆள் கிளம்பினால் கையில் ரசீதுதான் மிச்சம்.

உள்ளூர் தேவனாம்பட்டினம் பையனுக்கு ஒரு ஜோடி ஸ்டட்ஸ் ஷூ, காலையில் முட்டை, வாழைப்பழம். சில்வர் பீச் மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவனுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்காது. ஆனால் புல்தரையில் பாஸின் வேகம் பிடிபட நாளாகும். அதுவரை தோற்கத் தயாரா?

இன்னொன்று: பின்னாளில் அவன் வெளிநாட்டு கிளப்புக்கு விலைபோனால், 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்கு எல்லாம் சேர்த்து அந்தத் தொகையில் 5 சதவீதம் பங்கு உண்டு. ஃபிஃபா விதி அது. பதிவுத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கணும்.

என் ஓட்டு பையனுக்கே. கோல்கீப்பர் மட்டும் வெளியாள். உயரத்தை முட்டை கொடுத்து வளர்க்க முடியாதே.