வாடகைப் பாகுபாட்டுப் புகார்: ஹட்டா, மாநில அலுவலகமா, கோர்ட்டா?

அமெரிக்காவில் அப்பார்ட்மென்ட் தேடுகிற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். லீசிங் ஆபீஸில் கேட்கிறார்கள்: "சின்னக் குழந்தைகள் இருக்கிறார்களா? அப்படியானால் மூன்றாவது மாடி வேண்டாம், பின்பக்க பிளாக்கில் ஏதாவது காலியானால் கூப்பிடுகிறோம்." கேட்க அக்கறை மாதிரிதான் இருக்கும். சட்டப்படி இது பாகுபாடு. 1968ல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றைப் பார்த்து வீடு மறுப்பதைத் தடுத்தது. 1974ல் பாலினம் சேர்ந்தது. 1988ல் மாற்றுத்திறனும், குழந்தைகள் உள்ள குடும்பம் என்ற நிலையும் சேர்ந்தன. இந்த மாடியில்தான் இருக்கலாம், அந்த பிளாக்குக்குத்தான் போகலாம் என்று ஒதுக்குவதும் இதில் அடங்கும்.

சரி, புகாரை எங்கே கொடுப்பது? எல்லாரும் முதலில் சொல்வது ஹட் (HUD), அதாவது மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. இணையத்தில் படிவம் நிரப்பலாம், அல்லது 1-800-669-9777 என்ற எண்ணில் பேசலாம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 100 நாளில் விசாரணையை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் முடியாவிட்டால் காரணம் எழுதி அனுப்பிவிட்டுத் தொடரலாம், அப்படித் தொடர்வது சகஜம். 2025ல் அந்தத் துறையில் நடந்த ஆட்குறைப்புக்குப் பிறகு 100 நாளை நம்பித் திட்டம் போடக் கூடாது என்பது என் எண்ணம்.

விசாரணை நடக்கும்போதே சமரசப் பேச்சும் நடக்கும். ஆதாரம் இருப்பதாகத் தெரிந்தால் ஹட் குற்றச்சாட்டு பதிவு செய்யும். அதன் பிறகு 20 நாளுக்குள் இரு தரப்பில் யார் கேட்டாலும் வழக்கு மத்திய நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே மத்திய அரசின் நீதித் துறை வக்கீலே உங்களுக்காக வாதாடுவார், செலவு உங்களுடையது இல்லை. யாரும் கேட்காவிட்டால் ஹட்டின் நிர்வாக நீதிபதி விசாரிப்பார். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு: நிர்வாக நீதிபதி விதிக்கும் அபராதம் அரசுக்குப் போகும், வாடகைதாரருக்கு இல்லை. உங்களுக்குக் கிடைப்பது நிஜமான நஷ்டமும் மன உளைச்சலுக்கான ஈடும். ஓனரைத் தண்டிப்பதற்காகக் கொடுக்கும் கூடுதல் இழப்பீட்டை அவர் உத்தரவிட முடியாது.

இன்னொன்று. உங்கள் மாநிலத்தில் மத்தியச் சட்டத்துக்கு இணையான சட்டமும் அதை நடத்தும் அங்கீகாரம் பெற்ற அலுவலகமும் இருந்தால், ஹட் உங்கள் புகாரை அங்கேயே அனுப்பிவிடும். கலிபோர்னியா, டெக்சாஸ் எல்லாம் இப்படித்தான். அதனால் மாநில அலுவலகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் ஹட் படிவத்தை நிரப்புவது பாதி வேலைதான்.

மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் பெரிது. கலிபோர்னியாவில் குடிமை உரிமைத் துறை விசாரிக்கிறது, கெடு ஒரு வருடம். அங்கே வருமானம் வரும் வழியைக் காட்டி, உதாரணமாக அரசு வாடகை வவுச்சரைக் காட்டி, வீடு மறுக்க முடியாது. குடியேற்ற நிலை என்ன என்று ஓனர் விசாரிப்பதும் தடை. டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் வவுச்சருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நியூஜெர்சியில் பாதுகாப்பு விரிவானது, ஆனால் மாநில அலுவலகத்தில் புகார் கொடுக்க 180 நாள்தான். ஒரு வருடம் இருக்கிறது என்று எங்கோ படித்துவிட்டு நம் ஆட்கள் கோட்டைவிடுவது இங்கேதான். நியூயார்க்கில் இதற்கு நேர் எதிர்: 2024 பிப்ரவரி 15 முதல் நடந்த சம்பவங்களுக்கு மூன்று வருடம் அவகாசம்.

சாதி கேட்டு வீடு மறுத்தால்? மத்தியச் சட்டத்தில் சாதி என்ற சொல்லே கிடையாது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது, அது வீட்டுக்கும் பொருந்தும். அதே வருடம் ஃபிரெஸ்னோவும் தடைசெய்தது. கலிபோர்னியா முழுவதற்கும் வந்த மசோதாவை ஆளுநர் நியூசம் 2023 அக்டோபரில் நிராகரித்தார். ஆக, சியாட்டிலில் இருப்பவர் போக வேண்டியது நகரத்தின் குடிமை உரிமை அலுவலகத்துக்கு. இப்படித் தடை இல்லாத ஊர்களில் பூர்விகம், மதம், இனம் என்ற வகைகளுக்குள் வைத்து வாதாட முடியுமா என்று முதலில் ஒரு வக்கீலைக் கேட்பது நல்லது. நம்மவரே நம்மவருக்கு வீடு மறுக்கிற இந்த விஷயத்தைப் புகாராக எழுதக் கூச்சப்படவே கூடாது.

நேரடியாக கோர்ட்டுக்கும் போகலாம். ஹட்டிடம் முதலில் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கெடு இரண்டு வருடம், ஹட்டில் புகார் நிலுவையில் இருந்த நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. தண்டனை இழப்பீடு இங்கே கிடைக்கும். வென்றால் வக்கீல் செலவை எதிர்த்தரப்பிடம் வாங்கித் தர நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. மத்திய நீதிமன்றக் கட்டணம் 405 டாலர். கஷ்டம் என்னவென்றால் வக்கீல் கிடைப்பது: ஆதாரம் வலுவாக இருந்தால் வென்றபின் பணம் என்று எடுப்பார்கள், வாய்வார்த்தை மட்டும் என்றால் தயங்குவார்கள். அந்த வீடே வேண்டும், வேறு யாருக்கும் போகக் கூடாது என்றால் தடை உத்தரவு கேட்க இதுதான் நேர்வழி. ஹட்டும் அவசரம் என்று கருதினால் நீதித்துறை மூலம் தடை கேட்கலாம், ஆனால் அந்த முடிவு உங்கள் கையில் இல்லை.

ஒரு விதிவிலக்கு. ஓனர் தானே குடியிருக்கும், நான்கு வீடுகளுக்கு மேல் இல்லாத கட்டடத்துக்கு மத்தியச் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது. ஆனால் விளம்பரத்தில் பாகுபாடாக எழுதினால் அவரும் மாட்டுவார். இனத்துக்காக மறுத்தால் 1866ல் வந்த குடிமை உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடலாம், அதில் இந்தச் சலுகை இல்லை.

நான் யாரிடம் பேசினாலும் முதலில் அனுப்புவது இந்த மூன்று இடத்துக்கும் இல்லை, உள்ளூர் நியாய வீட்டுவசதி அமைப்புக்கு. இலாப நோக்கமில்லாத இந்த அமைப்புகள் சோதனையாளர்களை அனுப்பும். நம் உதாரணத்தில், குழந்தை இல்லாத ஒருவர் அதே லீசிங் ஆபீஸுக்குப் போய் மூன்றாவது மாடி வீட்டைக் கேட்பார். அவருக்குச் சாவியோடு வீட்டைக் காட்டினால், அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். சோதனையாளர்களே வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே ஒப்புக்கொண்டது. 2025ல் பல அமைப்புகளுக்கு மத்திய நிதி நிறுத்தப்பட்டது, அதனால் உங்கள் ஊர் அமைப்பு இயங்குகிறதா என்று போன் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். சோதனை சூட்டோடு சூடாக நடக்க வேண்டும். வீடு வாடகைக்குப் போய்விட்டால் சோதிக்க எதுவும் இருக்காது.

அதே நாளில் நீங்கள் செய்ய வேண்டியது: விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனில் சொன்னதை மின்னஞ்சலில் திருப்பிக் கேளுங்கள், "குழந்தைகள் இருப்பதால் மூன்றாவது மாடி தர முடியாது என்று சொன்னீர்கள், சரிதானே?" என்று. பேச்சை ரகசியமாகப் பதிவு செய்யாதீர்கள். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் எல்லோர் சம்மதமும் இல்லாமல் பதிவு செய்வதே சட்டமீறல்.

அப்புறம், நான் சொல்லும் வரிசை: அமைப்பு, பிறகு உங்கள் மாநிலக் கெடுவுக்குள் மாநில அலுவலகம் அல்லது ஹட், ஆதாரம் வலுவாக இருந்து நஷ்டமும் பெரிதென்றால் கோர்ட். விசா நிலைக்குப் பயந்து பேசாமல் இருக்க வேண்டாம், விசா எதுவானாலும் இந்தச் சட்டம் பாதுகாப்புத் தரும். புகார் கொடுத்ததற்காக மிரட்டினாலோ காலிசெய்யச் சொன்னாலோ அதற்குத் தனியாக இன்னொரு புகார் கொடுக்கலாம். சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். கையெழுத்துப் போட்டபின் அதே சம்பவத்துக்காக மத்தியச் சட்டத்தின்கீழ் நீங்களே கோர்ட்டுக்குப் போக முடியாது.