குக்கீகளைப் பிரித்து வைத்த ஏழு ஆண்டுகள்

1549745233. என் பழைய மடிக்கணினியின் உலாவியில் ஒரு மருத்துவமனையின் இணையதளம் விட்டுச் சென்றிருந்த குக்கீயின், அதாவது தளம் நம்மை நினைவில் வைக்க உலாவியில் எழுதிவைக்கும் சிறு குறிப்பின், கடைசிப் பத்து இலக்கங்கள் இவை. வருகைகளைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் சேவையைப் பயன்படுத்தும் தளங்கள், ஓர் அடிக்கோட்டுக்குப் பின் ஜிஏ என்ற இரண்டெழுத்துப் பெயருடைய குக்கீ ஒன்றை வருகையாளரின் உலாவியில் வைப்பது வழக்கம். அதில் முதலில் ஒரு தற்செயல் எண்ணும், புள்ளிக்கு அப்பால் அந்த உலாவி அத்தளத்துக்கு முதன்முதலாக வந்த நேரமும் எழுதப்பட்டிருக்கும். 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளின் கணக்கில் அந்த நேரம் இருப்பதால், அதை நம் நாட்காட்டிக்கு மாற்றிப் பார்த்தேன். 2019 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 2 மணி 17 நிமிடம். அம்மாவின் திசுப் பரிசோதனை முடிவு வந்த இரவு அது.

அதே மடிக்கணினியில்தான் அம்மா காலையில் காப்பியோடு நாளிதழ் படிப்பார். நோயின் பெயரை அவரிடம் எப்போது, யார் சொல்வது என்று நானும் அக்காவும் முடிவெடுப்பதற்குள், அந்த மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்கான விளம்பரம் செய்திகளுக்கு நடுவே வரத் தொடங்கிவிட்டது. மூன்றாம் நாள், "ஏன்டா, எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் இந்த ஆஸ்பத்திரிதான் வருது, நீ ஏதாவது பாத்தியா?" என்று கேட்டார். அன்றே சொல்லவேண்டியதாயிற்று. சிகிச்சை நல்லபடியாக முடிந்து அம்மா இன்று நலமாக இருக்கிறார் என்றாலும், அவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த விதத்தை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த வாரத்தில் உலாவியில் செய்யத் தொடங்கிய மாற்றங்களை ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றில் எது உதவியது, எது உதவவில்லை என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பத்து இலக்கங்களைக் கொண்டிருந்த குக்கீ அம்மாவுக்கு விளம்பரத்தைக் காட்டவில்லை. அது மருத்துவமனையின் முகவரிக்கே உரிய முதல் தரப்புக் குக்கீ; நாளிதழின் தளத்தால் அதைப் படிக்க முடியாது. ஆனால் மருத்துவமனையின் அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவுப் படமாகவோ சில வரி நிரலாகவோ, விளம்பர நிறுவனங்களும் அழைக்கப்பட்டிருந்தன. அவை தத்தம் முகவரியின் பெயரில் வைத்தவையே மூன்றாம் தரப்புக் குக்கீகள். நாளிதழின் பக்கத்திலும் அதே நிறுவனத்தின் நிரல் இருந்தால், உலாவி அதே அடையாள எண்ணை அங்கேயும் எடுத்து நீட்டிவிடும். இந்த எண்ணுக்குரியவர் எந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பது அப்போது தெரிந்துபோகிறது. பக்கம் திறந்து முடிவதற்குள் அந்த விளம்பர இடத்துக்கு ஏலமும் நடந்து முடிந்துவிடுகிறது. துறையினர் இதை ரீடார்கெட்டிங் என்கிறார்கள். இதற்கு என் பெயரோ கைபேசி எண்ணோ தேவைப்படவில்லை என்பதால், தனிப்பட்ட தகவல் எதையும் சேகரிக்கவில்லை என்று ஒரு தளம் எழுதிவைத்திருப்பதைப் படித்து நிம்மதியடைவதை நான் விட்டுவிட்டேன்.

1994இல் உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி குக்கீயை உருவாக்கியபோது அதற்கு இருந்த வேலை மிகச் சிறியது. கடைத்தளத்தில் ஒரு பொருளைக் கூடையில் போட்டவர் அடுத்த பக்கத்துக்குப் போனதும், அவர் யார், கூடையில் என்ன இருந்தது என்பதைத் தளம் மறந்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலைக்கு இன்றும் குக்கீ வேண்டும். எனக்கும் ஒரு கடைக்கும் இடையிலான நினைவாக அது இருக்கும்வரை எனக்கு அதன்மேல் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் 2019இல் எனக்கு இந்தத் தெளிவு இல்லை. இருந்த கோபத்தில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு மாறி, மூன்றாம் தரப்புக் குக்கீகள் அத்தனையையும் தடுத்து, உலாவியை மூடும்போதெல்லாம் மீதமுள்ளவையும் அழியும்படி அமைத்துக்கொண்டேன். ஓராண்டுக்கு மேல் அப்படியே இருந்தேன். அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வங்கித் தளம் ஒவ்வொரு முறையும் என்னைப் புதிய ஆளாகக் கருதி எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அனுப்பியது. கடைத்தளங்களில் பணம் செலுத்தும்போது ஓடிபி கேட்கும் பெட்டி வெறும் வெள்ளையாக நின்றுபோனது உண்டு. எல்லாவற்றையும்விட, குக்கீகளை வைக்க ஒப்புதல் கேட்கும் பலகைகள் திரும்பத் திரும்ப வந்தன. நான் "வேண்டாம்" என்று சொன்னதை நினைவில் வைப்பதற்கும் அத்தளத்துக்கு ஒரு குக்கீ தேவை. அதையும் சேர்த்து நானே அழித்துவிட்டால், மறுநாள் அதே கேள்வியை அது கேட்கத்தானே செய்யும்?

நிலைமையை மாற்றியது, 2021 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸின் 86ஆம் பதிப்பில் வந்த முழுக் குக்கீப் பாதுகாப்பு வசதி. கடுமையான பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு முதலில் வந்தது, 2022 ஜூன் முதல் அனைவருக்கும் இயல்பமைப்பாகவே, அதாவது நாம் எதையும் மாற்றாமலே இருக்கும் அமைப்பாக, பரவலாக்கப்பட்டது. இதில் குக்கீகள் அழிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பா கொடுக்கப்படுகிறது. நாளிதழின் பக்கத்துக்குள் இருக்கும் விளம்பர நிறுவனம் வைக்கும் குக்கீ நாளிதழின் டப்பாவிலேயே தங்கிவிடும். அதே நிறுவனம் சமையல் குறிப்புத் தளத்தில் கேட்டால் அங்கே அந்த எண் இருக்காது. இது உண்மையிலேயே நடக்கிறதா என்று எஃப்12 விசையை அழுத்தி, உலாவி சேமித்தவற்றைக் காட்டும் சேமிப்பகப் பகுதியைத் திறந்து பார்த்தேன். ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருடைய குக்கீ, ஒரு தளத்தில் ஓர் எண்ணோடும் மறு தளத்தில் வேறோர் எண்ணோடும் இருந்தது. அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை நான் இரண்டு வெவ்வேறு ஆட்கள். ஏழு ஆண்டுகளில் எனக்கு உண்மையான நிம்மதியைத் தந்த ஒரே அமைப்பு இதுதான். வங்கி, ஓடிபி தொல்லைகளும் இதற்குப் பின் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. அழிப்பதைவிடப் பிரித்து வைப்பதே சரி என்ற முடிவுக்கு நான் வந்தது இந்த அனுபவத்தால்தான்.

இதனோடு ரேமண்ட் ஹில் உருவாக்கிய யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியையும் (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்) வைத்திருக்கிறேன். கண்காணிப்பு நிரல்களை இறங்கவே விடாமல் அது தடுப்பதால், பழைய மடிக்கணினியில் பக்கங்கள் கண்கூடாக வேகமாகத் திறக்கின்றன. குரோம் உலாவியில் நீட்சிகளுக்கான விதிகள் மாறியபின் அதன் முழு வடிவம் அங்கே இயங்குவதில்லை, எளிய வடிவம் மட்டுமே கிடைக்கிறது. குரோமைப் பற்றி வேறொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு ஆண்டுகளில் நீக்கிவிடுவதாக 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. பலமுறை தள்ளிவைத்து, 2024 ஜூலையில் அத்திட்டத்தையே கைவிட்டது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலேயே அவற்றை முழுவதும் தடுத்துவிட்டது. விளம்பரத்தால் பிழைக்கும் நிறுவனமே உலாவியையும் தரும்போது இயல்பமைப்பு யாருக்குச் சாதகமாக இருக்கும் என்பதை, உலாவியைத் தேர்ந்தெடுக்கும்போதே நினைவில் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதுவரை வருகையாளராக எழுதினேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு மறுபக்கமும் உண்டு. நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு பதிப்பகத்தின் இணையதளத்தை 2016 முதல் நான்தான் கவனித்து வருகிறேன். அம்மாவின் நிகழ்ச்சிக்குப் பின் ஒரு நாள், எங்கள் தளத்தையே ஒரு வருகையாளரைப் போலத் திறந்து, எஃப்12 அழுத்திப் பார்த்தேன். கூகுள் அனலிட்டிக்ஸ் இருந்தது. அதை நான்தான் சேர்த்திருந்தேன். ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் ஃபேஸ்புக்கின் லைக் பொத்தான் இருந்தது. நூல் வெளியீட்டு விழாவின் யூடியூப் காணொலிகள், யாரும் அவற்றை ஓட்டுவதற்கு முன்பே கூகுளின் சேவையகங்களோடு பேசிக்கொண்டிருந்தன. குடிநோயிலிருந்து மீள்வதைப் பற்றி நாங்கள் ஒரு நூல் வெளியிட்டிருந்தோம். அந்தப் பக்கத்தை ஒருவர் திறந்தால், பொத்தானை அவர் தொடாவிட்டாலும், அந்த உலாவியில் ஃபேஸ்புக் கணக்கு திறந்திருந்தால் அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பது ஃபேஸ்புக்குக்குப் போய்விடும். அந்த மருத்துவமனை எங்களுக்குச் செய்ததை எங்கள் வாசகருக்கு நான் செய்துகொண்டிருந்தேன். அதை உணர்ந்தபோது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது.

அதே 2019 ஜூலையில், ஜெர்மனியின் ஆடைக்கடைத் தளம் ஒன்றின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இதே லைக் பொத்தானைப் பற்றித் தீர்ப்பளித்தது. பொத்தானைத் தன் பக்கத்தில் வைத்த தளமும், வருகையாளரின் தகவலைத் திரட்டி அனுப்பும் அளவில், ஃபேஸ்புக்கோடு கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் தளத்துக்கு அத்தீர்ப்பு செல்லாது; எனினும் அது சொன்ன நியாயம் எனக்குச் சரியாகவே பட்டது. பொத்தானை அன்றே எடுத்தேன். காணொலிகளுக்குப் பதில் ஒரு நிலைப்படத்தை வைத்து, அதை வாசகர் சொடுக்கினால் மட்டுமே காணொலி இறங்கும்படி மாற்றினேன்.

அனலிட்டிக்ஸை விடுவது அவ்வளவு எளிதாக இல்லை, ஏனெனில் அதன் அறிக்கைகள் எங்களுக்குப் பயன்பட்டன. 2023 ஜூலை 1ஆம் தேதி கூகுள் அதன் பழைய வடிவத்தை நிறுத்தியபோதுதான், புதிய வடிவத்துக்கு மாறாமல், எங்கள் சேவையகத்திலேயே இயங்கி வருகைகளை எண்ணும் மடோமோ மென்பொருளுக்கு மாறினோம். குக்கீ இல்லாமலும் வருகையாளரின் ஐபி முகவரியின் பின்பாதியை மறைத்தும் அதை இயக்குகிறோம். இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். போன மாதம் வந்தவரே இன்றும் வந்தாரா என்பது இப்போது எங்களுக்குத் தெரியாது. கூடையில் நூலைப் போட்டுவிட்டு வாங்காமல் போனவரை ஃபேஸ்புக்கில் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டும் வழியும் போய்விட்டது. எங்களுள் ஒருவருக்கு அதில் இன்னமும் வருத்தம் உண்டு, அவருடைய கணக்கிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு உண்மையில் உதவிய செய்தி, தபால் செலவைக் காட்டும் பக்கத்தில்தான் மிகப் பலர் வெளியேறுகிறார்கள் என்பது. அதை அறிந்து, தபால் செலவை நூலின் விலைக்குக் கீழேயே எழுதிவிட்டோம். எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்று எண்ணினாலே போதுமான விஷயம் இது. அவர்கள் யார், எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று தொடர வேண்டிய தேவை அதில் எதுவும் இருக்கவில்லை.

ஒப்புதல் பலகைகளில் என் அனுபவம் நல்லதாக இல்லை. "அனைத்தையும் ஏற்கிறேன்" என்பது ஒரே சொடுக்கில் முடியும். மறுப்பதற்கோ அமைப்புகள், கூட்டாளிகள், நியாயமான நலன் என்று மூன்று அடுக்குகளுக்குள் போக வேண்டும், அங்கே நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் பெயர்கள் இருக்கும். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், ஏற்பதைப் போல மறுப்பது எளிதாக இல்லை என்ற காரணத்துக்காகவே, கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. அதன்பின் ஐரோப்பியத் தளங்கள் பலவற்றில் முதல் பலகையிலேயே மறுக்கும் பொத்தானைக் காண்கிறேன். நான் அன்றாடம் திறக்கும் இந்தியத் தளங்களில் பலகையே இருப்பதில்லை, இருந்தாலும் "சரி" என்ற ஒரே பொத்தான்தான். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் திரும்பப் பெறுவது அதைக் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது; 18 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்த விளம்பரத்தைத் தடை செய்கிறது; அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் தெரிவைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. தான் எதற்கு "சரி" சொல்கிறோம் என்பதை அம்மா தமிழில் படித்துப் பார்க்கும் ஒரு பலகைக்காக நான் உண்மையாகவே காத்திருக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் அடைக்க முடியாத வழிகள் இருக்கின்றன. தளத்தில் நாம் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரிதான் இப்போது குக்கீயின் வேலையைச் செய்கிறது. அதை மறைகுறியாக மாற்றி விளம்பரத் தளங்களோடு பொருத்திப் பார்க்கும் முறை பரவலாகிவிட்டது. உலாவியில் எவ்வளவு பிரித்து வைத்தாலும் இதற்குப் பயன் இல்லை. அதனால் ஒவ்வொரு கடைக்கும் என் உண்மையான முகவரியை மறைக்கும் ஒரு தனி மாற்று மின்னஞ்சல் முகவரி கொடுத்து வருகிறேன். இணைய மருந்துக்கடை ஒன்றுக்கு மட்டும் கொடுத்த முகவரிக்கு, நான்கு மாதங்களில் ஒரு மருத்துவக் காப்பீட்டு விளம்பரம் வந்தது. கேட்டு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் அந்தக் கடையிடமிருந்து பதில் இல்லை; முகவரியை மூடிவிட்டேன்.

கைபேசிச் செயலிகளிலோ குக்கீயே இல்லை, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விளம்பர அடையாள எண் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் அமைப்புகளுக்குள் விளம்பரங்கள் என்ற பகுதியில் அதை அழிக்கலாம். அழித்தபின் எந்தச் செயலி கேட்டாலும் வெறும் பூச்சியங்களே போகும். சென்ற மாதம் அம்மாவுக்கு வாங்கிய புதிய கைபேசியில் இதைச் செய்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இதுல அந்த ஆஸ்பத்திரி வராதுல்ல?" என்று கேட்டார். ஏழு ஆண்டுகளாக அதை அவர் நினைவில் வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கைக்கு எட்டிய வழிகளையெல்லாம் அடைத்திருக்கிறேன் அம்மா என்று சொல்லி, கைபேசியை அவரிடம் கொடுத்தேன்.