பணம் உள்ளே போகும், வெளியே வராது: க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கும் கடைக்காரர்கள் கவனத்துக்கு

கடையில் க்யூஆர் அட்டை ஒட்டி வியாபாரம் செய்பவர்களும், குடும்பத்தின் மொத்தப் பணத்தையும் ஒரே வங்கியில் வைத்திருப்பவர்களும் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். எங்களுக்கு நடந்தது யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம். அதற்கு நீங்கள் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறோம். கொப்பரை, கடலை, எள் வாங்கி ஆட்டி விற்பதுதான் தொழில். ஒரு வெள்ளிக்கிழமை கொப்பரை லோடு இறங்கியதும் வியாபாரிக்குப் பணம் அனுப்பப் பார்த்தோம், போகவில்லை. சர்வர் மக்கராக இருக்கும் என்று விட்டுவிட்டோம். ஏடிஎம்மிலும் வரவில்லை. ஆனால் இருப்புத் தொகை மட்டும் செல்போனில் ஒழுங்காகத் தெரிந்தது, நான்கரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. திங்கட்கிழமை வங்கிக்குப் போனால், "உங்க கணக்கு டெபிட் ஃப்ரீஸ் ஆகியிருக்குங்க மேடம். சைபர் க்ரைம் கம்ப்ளெயின்ட். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். எங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி கூட வரவில்லை.

விசாரித்ததில் தெரிந்தது இது. சில வாரங்களுக்கு முன் முன்பின் தெரியாத ஒருவர் கடைக்கு வந்து நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயுமாக 3,840 ரூபாய்க்கு வாங்கி, ஸ்கேன் செய்து பணம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பணம் வேறொரு மாநிலத்தில் யாரோ ஒருவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணத்தின் ஒரு துண்டு. எண்ணெய் வாங்கியவர்தான் திருடனா, அவருக்கும் வேறு யாராவது அனுப்பியதா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வது முக்கியம். மோசடிக்காரர்கள் பறித்த பணத்தை ஒரே இடத்தில் வைத்திருப்பதில்லை. வாடகைக்கு எடுத்த கணக்குகளில் போட்டு, அங்கிருந்து நாலைந்தாகப் பிரித்து, அதை மறுபடியும் பிரித்து அனுப்புகிறார்கள். பணத்தை இழந்தவர் 1930 என்ற எண்ணுக்கு அழைத்தோ, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் கொடுத்தால், பணம் போன தடம் கணக்கு கணக்காகத் தேடப்படும். முதல் கணக்கை முதல் லேயர் என்கிறார்கள், அடுத்தது இரண்டாவது லேயர். மூன்றாவது, நாலாவது லேயரில் மளிகைக்கடை, பெட்ரோல் பங்க், எங்களைப் போன்ற எண்ணெய்க்கடை எல்லாம் வந்துவிடும். அந்தந்த வங்கிக்குத் தகவல் போனதும் கணக்கு நிறுத்தப்படுகிறது.

1930 வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயுள் முழுக்கச் சேர்த்ததை ஒரே மதியத்தில் இழந்தவர்களுக்கு அது ஒன்றுதான் வழி. உடனே அழைத்தால் பணம் கைமாறுவதற்குள் பிடித்துவிட முடிகிறது. எங்கள் 3,840 ரூபாயை விசாரணை முடியும்வரை பிடித்து வைத்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். ஆனால் அந்தத் தொகைக்காக நான்கரை லட்சத்தையும் பூட்டியது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளே இல்லை. கிளையில் கேட்டால் தலைமை அலுவலகம், தலைமை அலுவலகத்தில் கேட்டால் போலீஸ். போலீஸ் நிலையமோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், பேசுவது நமக்குத் தெரியாத மொழி. உள்ளூர்ப் போலீஸில் கேட்டால், "நம்ம கேஸ் இல்லைங்களே, நாங்க எப்படித் தலையிடறது?" என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. டெபிட் ஃப்ரீஸ் என்றால் பணம் வெளியே வருவது மட்டும்தான் நிற்கும். உள்ளே போவது நிற்காது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வாடிக்கையாளர்கள் வழக்கம்போல ஸ்கேன் செய்தார்கள், பணம் விழுந்தது என்று ஸ்பீக்கரும் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே இருந்தது. வார இறுதி வியாபாரம் முழுவதும் எடுக்க முடியாத கணக்குக்குள் போய்விட்டது. கணக்கிலிருந்து பணம் போகவில்லை என்று தெரிந்த நிமிடமே க்யூஆர் அட்டையை எடுத்துவிடுங்கள். காரணம் என்ன என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, நின்றது கடையின் கரண்ட் அக்கவுண்ட் மட்டும் இல்லை. அதே வங்கியில், அதே வாடிக்கையாளர் எண்ணில் இருந்த என் சேமிப்புக் கணக்கும் நின்றது. பையனின் ஹாஸ்டல் கட்டணம் அதில்தான் இருந்தது. வண்டிக் கடன் தவணை, பணம் எடுக்க முடியாமல் திரும்பியது. திரும்பியதற்கு அபராதம் போட்டதும் அதே வங்கிதான்! தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் குறையும் என்று நினைவூட்டல் வேறு வந்தது. பணத்தைப் பூட்டியதும் அவர்கள், கட்டவில்லை என்று பதிவு செய்ததும் அவர்கள். இதைக் கேட்டபோது அந்த அதிகாரி, "சிஸ்டம் தானாப் பண்றதுங்க" என்றார்.

எனக்கு மிகவும் வலித்தது அந்தப் பதில்தான். நாங்கள் யாரையும் அண்டிப் பிழைப்பவர்கள் இல்லை, சொந்தக் காலில் நிற்கிறோம் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். சொந்தச் செக்கு, சொந்த இடம், வட்டிக்குக் கடன் இல்லை. ஆனால் சம்பாதித்த பணத்தைத் தொடுவதற்கு ஒரு நிறுவனத்தின் அனுமதி தேவை. அந்த அனுமதி எப்போது போகும், ஏன் போகும் என்று நமக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட அவர்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் ரொக்கத்துக்கே திரும்பிவிடு என்று சிலர் சொன்னார்கள். முழுதாகத் திரும்ப முடியாது. தொழிலில் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அது செலவாக ஏற்கப்படாது. விவசாயியிடமே நேரடியாக விளைபொருள் வாங்கினால் விலக்கு உண்டு, இடையில் வியாபாரி வந்தால் கிடையாது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு 2017 ஏப்ரல் முதல் தடை. ஜிஎஸ்டியைக் கூட ஒரு செலானுக்கு 10,000 ரூபாய் வரைதான் வங்கியில் ரொக்கமாகக் கட்டலாம். கறுப்புப் பணத்தைத் தடுக்கத்தான் இந்த விதிகள், நான் மறுக்கவில்லை. ஆனால் வங்கி இல்லாமல் தொழில் செய்யாதே என்று சட்டம் சொல்கிறது. அந்த வங்கியே கதவைச் சாத்தினால் எங்கே போவது என்று அதே சட்டம் சொல்ல வேண்டாமா?

வங்கி முடங்குவது போலீஸ் புகாரால் மட்டும் இல்லை. 2019 செப்டம்பரில் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது ஒருவர் முதலில் ஆயிரம் ரூபாய்தான் எடுக்க முடிந்தது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியில் 50,000 ரூபாய் உச்சவரம்பு. அதெல்லாம் எங்கேயோ நடப்பது என்றுதான் அப்போது செய்தியில் படித்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் மின்சாரமும் சிக்னலும் இல்லாமல், பால் பாக்கெட்டுக்குக் கையில் காசு இல்லாமல் என் தங்கை வீட்டில் திண்டாடியிருக்கிறார்கள். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யூபிஐ மணிக்கணக்கில் தடுமாறியது பலருக்கு நினைவிருக்கும்.

எங்களைக் காப்பாற்றியது மனிதர்கள்தான். கொப்பரை வியாபாரி அண்ணனிடம் நிலைமையைச் சொல்லித் தயங்கி நின்றேன். "லோடை இறக்கியாச்சு, ஆட்ற வேலையப் பாரு அம்மிணி. பணம் எங்க போயிறப் போவுது" என்றார். அவர் ஒரு கையெழுத்துக் கூடக் கேட்கவில்லை. புண்ணாக்கு வாங்கும் மாட்டுக்காரர்கள் எப்போதும் ரொக்கம்தான் கொடுப்பார்கள், தினக்கூலிக்கு அது உதவியது. ஹாஸ்டல் கட்டணத்துக்குப் பக்கத்துக் கடை அக்கா கைமாத்தாகக் கொடுத்தார். இருபது வருடம் நாணயமாக நடந்துகொண்டதற்குக் கிடைத்த கடன் இது. இதற்கு சிபில் மதிப்பெண் கிடையாது.

கணக்கு திரும்பக் கிடைக்கக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆனது. முதலில் அந்த வெளிமாநில நிலையத்துக்கு மின்னஞ்சல்மேல் மின்னஞ்சலாக அனுப்பினோம். எண்ணெய் விற்ற பில், ஜிஎஸ்டி பதிவுச் சான்று, அன்றைய கடைக் கேமரா பதிவு எல்லாம் இணைத்தோம். பதில் வரவில்லை. தொலைபேசியில் ஒருமுறை பேசியவர் நேரில் வரச் சொன்னார். 3,840 ரூபாய்க்காக இரண்டு பேர் ரயிலேறி, அறை எடுத்துத் தங்கி, மொழி தெரியாமல் நிற்க வேண்டும். நாங்கள் போகவில்லை, ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். வங்கிக் கணக்கும் போலீஸ் கைப்பற்றக்கூடிய சொத்துதான் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு 102ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 106ஆம் பிரிவு. ஆனால் அதே பிரிவில், கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய தொகையோடு ஃப்ரீஸை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல், எவ்வளவு தொகை, எவ்வளவு காலம் என்று சொல்லாமல் மொத்தக் கணக்கையும் முடக்கக் கூடாது என்றது. சந்தேகத் தொகையை மட்டும் இருப்பில் வைத்துக்கொண்டு மீதியைப் புழங்க அந்த வழக்கில் அனுமதி கொடுத்தது.

இந்தத் தீர்ப்புகளைக் காட்டி வழக்கறிஞர் வங்கிக்கும் அந்த நிலையத்துக்கும் நோட்டீஸ் அனுப்பினார். அதற்கப்புறம்தான் அசைவு தெரிந்தது. 3,840 ரூபாய்க்கு மட்டும் லியன் போட்டுவிட்டு, அதாவது அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி பிடித்து வைத்துவிட்டு, மீதியைத் திறந்துவிட்டார்கள். ஆக, முதல் நாளே செய்திருக்கக்கூடிய காரியம்தான். அந்த லியன் இன்னும் அப்படியே இருக்கிறது. தவணை திரும்பியதற்குப் போட்ட அபராதத்தைக் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் வங்கிகள்மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை, விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. போலீஸ் போட்ட ஃப்ரீஸை ஒம்புட்ஸ்மேன் எடுத்துத் தர மாட்டார், வங்கியின் சேவைக் குறைக்கு மட்டும்தான் அவர்.

இப்போது எங்கள் ஏற்பாடு மாறிவிட்டது. க்யூஆருக்கு என்று தனி வங்கியில் தனிக் கணக்கு. அதில் விழுவதைத் தினமும் ராத்திரி வேறு வங்கிக்கு மாற்றிவிடுகிறோம். அதே வங்கியின் இன்னொரு கணக்குக்கு மாற்றுவதில் பயனில்லை, எங்களுக்கு நடந்ததைத்தான் பார்த்தீர்களே. வீட்டுப் பணம் மூன்றாவது இடத்தில், என் மாமியார் பெயரிலும் கொஞ்சம். பதினைந்து நாள் கூலிக்கும் வீட்டுச் செலவுக்கும் ஆகும் ரொக்கம், கணக்கில் காட்டிய ரொக்கம், கையில் இருக்கிறது. வாங்கிய இடத்தில் எல்லாம் பில், விற்ற இடத்தில் எல்லாம் பில். புது ஆள் மொத்தமாக வாங்கினால் பெயரும் செல் நம்பரும் எழுதிக்கொள்கிறோம். சிலர் முகம் சுளிக்கிறார்கள், பரவாயில்லை. முடிந்தவரை தோட்டத்துக்காரர்களிடமே நேராகக் கொப்பரை வாங்க ஆரம்பித்திருக்கிறோம்.

உங்களுக்கு இப்படி நடந்துவிட்டால் அன்றைக்கே வங்கியில் எழுதிக் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். எந்த நிலையம், புகாரின் ஒப்புகை எண், சந்தேகப்படும் தொகை, அதிகாரியின் மின்னஞ்சல் ஆகிய நாலையும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்காதீர்கள். வெறும் போலீஸ் கடிதமா, நீதிமன்ற உத்தரவா என்றும் கேளுங்கள். தொகை சின்னதாக இருந்தால் அதற்கு மட்டும் லியன் போடச் சொல்லி முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவில் மனுப் போடலாம்.

அப்புறம், கணக்கு நின்ற சில நாளிலேயே எங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. இத்தனை சதவீதம் கொடுத்தால் இரண்டே நாளில் ஃப்ரீஸை எடுத்துத் தருகிறோம் என்றார்கள். எங்கள் கணக்கு நின்றது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்குப் பதில் இல்லை. முன்பணம் கேட்டார்கள், ஓடிபி கேட்டார்கள். அப்படி யார் அழைத்தாலும், எந்த மொழியில் பேசினாலும், போலீஸ் என்றே சொன்னாலும் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். அந்த எண்ணைக் குறித்து வைத்து 1930இல் சொல்லிவிடுங்கள்.